ராமநாதபுரம் கடற்கரையில் அதிவேக எஸ்யூவியின் உண்மையான மைலேஜ்: அளப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய வண்டி ஒன்றைக் கொண்டுபோய் டீக்கடை வாசலில் நிறுத்தினால், எத்தனை குதிரைத்திறன் என்று யாரும் கேட்பதில்லை. "மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது?" என்றுதான் கேட்கிறார்கள். உரிமையாளரும் "பன்னிரண்டு, பதின்மூன்று வரும்" என்று ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறார். அந்த எண் எந்தச் சாலையில், எந்த மாதத்தில், எந்தத் திசையில் வந்தது என்பதை அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. 200 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல் எஞ்சின் பொருத்திய, இரண்டு டன்னை நெருங்கும் வண்டிக்கு ஒற்றை மைலேஜ் என்று ஒன்று கிடையாது. அதே ஓட்டுநர் அதே வண்டியில் ஆடி மாதத்தில் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும்போது ஒன்று வரும், திரும்பும்போது வேறொன்று வரும்.

மைலேஜ் அளக்க இந்தக் கடற்கரை நல்ல இடம். மேடு பள்ளம் இல்லாததால் ஏற்ற இறக்கம் கணக்கைக் குழப்பாது. குழப்புவது காற்று ஒன்றுதான். அதையும் கணக்கில் சேர்த்து அளப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: விளம்பரத்தில் இருக்கும் எண் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் நாட்டில் விற்பனைக்கு வரும் கார்களின் மைலேஜ் சான்றிதழ் ஆய்வகத்தில் பிறக்கிறது. வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி, இந்திய ஓட்டச் சுழற்சி எனப்படும் ஒரு கால அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். மொத்தம் 1,180 விநாடிகள், அதாவது இருபது நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த நேரத்தில் ஓடுவது 10.6 கி.மீ. அளவு, சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 32 கி.மீ., உச்ச வேகம் 90 கி.மீ. முடுக்கமெல்லாம் மென்மையாக இருக்கும். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றும் கிடையாது, குறுக்கே ஓடும் ஆடும் கிடையாது. இது ஐரோப்பாவின் பழைய சோதனை முறையிலிருந்து வந்தது. ஐரோப்பா அந்தப் பழைய முறையை 2017-இல் கைவிடத் தொடங்கிவிட்டது.

அந்த எண்ணைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வண்டிகளை ஒரே தராசில் வைத்து ஒப்பிட அது உதவும். ஆனால் சிறிய எஞ்சின் காருக்கும் பெரிய டர்போ எஸ்யூவிக்கும் அந்தத் தராசு ஒரே அளவில் நியாயம் செய்வதில்லை. மென்மையாக ஓட்டும் சோதனையில், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவுக்குப் பெரிய வேலை வராது. சாலையில் நாம் அதற்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

அமெரிக்காவில் 2008 மாடல் ஆண்டிலிருந்து அதிவேக ஓட்டம், ஏசி, குளிர் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் அங்கே வரும் எண்கள் கூச்சமில்லாமல் இருக்கும். 707 குதிரைத்திறன் கொண்ட ஜீப் கிராண்ட் செரோக்கி டிராக்ஹாக்குக்கு அங்கே கொடுத்த மதிப்பீடு நகரில் கேலனுக்கு 11 மைல், நெடுஞ்சாலையில் 17, இரண்டும் சேர்த்து 13. அமெரிக்க மைல் கணக்கை 0.425-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும்: நகரில் 4.7, நெடுஞ்சாலையில் 7.2, சேர்த்து 5.5 கி.மீ. வளைகுடாவில் இப்படிப்பட்ட வண்டியை ஓட்டிப் பழகிவிட்டு விடுமுறைக்குக் கீழக்கரை வரும் காக்காமார் (அண்ணன்மார்) நம் ஊர் வண்டி பத்து கொடுத்தாலே ஆச்சரியப்படுவதற்குக் காரணம் இதுதான்.

படி 2: வண்டியைச் சரிசெய்த பிறகே அளக்கத் தொடங்குங்கள்

டயர் காற்றை அதிகாலையில், வண்டி ஓடாமல் நின்ற நிலையில் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கும். ஆள் நிறைந்தால் எவ்வளவு என்பதும் அதில் தனியாக இருக்கும். நண்பகலில் சாலையில் ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் தளர்ந்து கிடக்கும்.

இந்தக் கரையில் டயருக்கு அடுத்து நான் சந்தேகப்படுவது பிரேக்கை. உப்புக் காற்றில், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் நகரும் கம்பிகள் துருப்பிடித்து இறுகிவிடும். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் வட்டை உரசிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது, எரிபொருள் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிரேக் அதிகம் பிடிக்காமல் பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டி, மெதுவாக உருள விட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக அனல் வீசினால் முதலில் மெக்கானிக்கிடம் போங்கள்.

கூரைமேல் கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள். குடும்பத்தோடு போகும்போது கழற்ற முடியாது என்றால், கேரியரோடு அளந்ததாகக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

படி 3: டேங்க் நிரப்புவதில் ஒழுங்கு

நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பி அளப்பதுதான் நம்பகமான முறை. ஆனால் இதில் நடக்கும் பிழைகளும் ஏராளம். ஒரே பங்க், ஒரே நாசில், வண்டி ஒரே பக்கம் பார்த்து நிற்பது ஆகிய மூன்றும் மாறக்கூடாது. தளம் சற்றுச் சாய்ந்திருந்தால் டேங்கின் மூலையில் காற்று தங்கி, ஒரு லிட்டருக்கு மேல் வித்தியாசம் வரலாம். நாசில் முதல் முறை 'டக்' என்று தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுடவா சார்?" என்று கேட்பார்கள், வேண்டாம் என்றே சொல்லுங்கள். கணக்கு கெடுவதோடு, வாய்வரை நிரப்பினால் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் புகுந்து அதுவும் கெடும்.

பங்கில் அளவு சரியா என்ற சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லிவரைதான் பிழை அனுமதி. அதிகாலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எனக்கு ஈடுபாடு இல்லை. பத்து டிகிரி வெப்ப மாற்றத்துக்கே பெட்ரோலின் கன அளவு ஒரு சதவீதம்தான் மாறும். பங்கின் டேங்க் மண்ணுக்கடியில் இருப்பதால் அவ்வளவு மாற்றமும் அங்கே நடக்காது.

ஒரு முறை நிரப்பியதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். 20 லிட்டரில் ஒரு லிட்டர் பிழை என்றால் ஐந்து சதவீதம். அதே ஒரு லிட்டர் பிழை 150 லிட்டரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தொடர்ந்து பல முறை நிரப்பி, மொத்தக் கி.மீ.யை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும்.

படி 4: ஓடோமீட்டர்

மதுரை நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களையோ கைபேசியின் ஜிபிஎஸ் தூரத்தையோ வைத்து, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரை ஐம்பது கி.மீ.க்கு ஒப்பிட்டுப் பாருங்கள். அலாய் வீலும் டயர் அளவும் மாற்றியவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். டயரின் விட்டம் கூடியிருந்தால் வண்டி ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும், மைலேஜ் குறைந்துவிட்டதாக வீண் கவலை வரும்.

படி 5: காற்றைக் கணக்கில் சேர்ப்பது

வேகம் கூடும்போது காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 80-லிருந்து 100 கி.மீ.க்குப் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது, தடையோ 56 சதவீதம் கூடுகிறது. எஸ்யூவி உயரமானது, முகம் அகலமானது, செடான் காரைப்போலக் காற்றைக் கிழித்துக்கொண்டு போக அதற்குத் தெரியாது. ஏறத்தாழ 80 கி.மீ. வேகத்திலேயே டயர் உராய்வை மிஞ்சிக் காற்றுத் தடைதான் பெரிய செலவாகிவிடுகிறது.

வண்டி உணர்வது தன் வேகத்தை மட்டுமல்ல, எதிர்க்காற்றையும் சேர்த்துத்தான். 80-இல் ஓடும் வண்டிக்கு எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அதன் முகத்தில் அடிப்பது 110 கி.மீ. காற்று. தடை 89 சதவீதம் கூடுகிறது. அதே காற்று முதுகில் வீசினால் முகத்தில் அடிப்பது 50 கி.மீ. மட்டுமே, தடை 61 சதவீதம் குறைகிறது. போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பெற்றுவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வராது. இரண்டு பயணத்தையும் சராசரி எடுத்தால், காற்றில்லாத நாளைவிடத் தடை 14 சதவீதம் அதிகம். டயர் உராய்வும் ஏசியும் காற்றைப் பார்த்து மாறாதவை என்பதால் எரிபொருள் செலவு அதே அளவுக்கு ஏறாது. இருந்தாலும் ஏறத்தான் செய்யும்.

இதை நம் சாலைகளின் மேல் வைத்துப் பாருங்கள். வைகாசி முதல் ஆவணிவரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாக ராமேஸ்வரம் போகும் சாலை கிழக்கு நோக்கியது. ஆகவே போகும்போது காற்று முதுகில், திரும்பும்போது முகத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போகிறவர்களுக்கு நேர்மாறு. தென்மேற்கு நோக்கிப் போகும்போதே காற்று முகத்தில் அறையும், திரும்பும் பயணம் சுகமாக இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும்போது இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும். அப்போது தேவிபட்டினம், தொண்டி பக்கம் போகிறவர்கள்தான் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்குப் போகும் சாலை தென்கிழக்கு நோக்கியது. கச்சான் அங்கே பக்கவாட்டில் வந்து இடிக்கும். பக்கக் காற்று வந்தால் நஷ்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். சாய்வாக வரும் காற்றிலும் வண்டியின் தடை கூடத்தான் செய்யும். இருபுறமும் கடலிலிருந்து சாலையில் மணல் ஏறியிருந்தால் அதிலும் கொஞ்சம் போகும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள். பாம்பன் பாலத்தில் உயரமான எஸ்யூவியின் ஸ்டீரிங்கைப் பிடித்தவருக்கு அது மிகையாகத் தெரியாது.

ஆகவே, வண்டியின் அடிப்படை மைலேஜ் தெரிய வேண்டுமானால் காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் ஒரே சாலையில் போய்த் திரும்பிவிடுங்கள். பங்குனி, சித்திரை அதிகாலைகள் தோதானவை. பிறகு கச்சான் காலத்தில் அதே சாலையில், அதே வேகத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்த பிறகு, அடுத்தவர் சொல்லும் மைலேஜை எந்த மாதத்தது என்று கேட்காமல் நம்ப மாட்டீர்கள்.

படி 6: போகும் வழியையும் வரும் வழியையும் தனித்தனியே எழுதுங்கள்

ராமேஸ்வரம் ஒருவழிக்கு 55 கி.மீ. அளவுதான். இவ்வளவு குறைந்த தூரத்துக்கு டேங்க் நிரப்பி அளந்தால் பிழையே பெரிதாகிவிடும். இங்கேதான் வண்டியில் மைலேஜ் காட்டும் திரை உதவுகிறது. புறப்படும்போது ட்ரிப்பைப் பூஜ்யமாக்குங்கள், ராமேஸ்வரத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு மீண்டும் பூஜ்யமாக்குங்கள்.

திரை பெரும்பாலும் சற்றுத் தாராளமாகவே காட்டும். எவ்வளவு தாராளம் என்பதைப் படி 3-இல் சேர்த்துவைத்த டேங்க் கணக்கு சொல்லிவிடும். டேங்க் கணக்கில் 11.4 வரும் இடத்தில் திரை 12 காட்டினால், உங்கள் திரை எண்ணை எப்போதும் 0.95-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

படி 7: வலது கால்

மகிந்திராவின் எக்ஸ்யூவி700-இல் உள்ள இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் 200 குதிரைத்திறனும் 380 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொடுப்பது. தானியங்கி கியருள்ள டொயோட்டா ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர் டீசல் 500 நியூட்டன் மீட்டர் கொடுப்பது. சமதளத்தில் 80-இல் சீராக ஓட இந்தத் திறனில் சிறு பங்கே போதும். மீதித் திறன் கால் அழுத்துவதற்காகக் காத்திருக்கிறது. பெட்ரோல் டர்போவை முழுமூச்சாக அழுத்தும்போது, எஞ்சினும் டர்போவும் அளவுக்கு மீறிச் சூடேறாமல் காக்கவே கூடுதல் பெட்ரோல் உள்ளே போகிறது. வேகத்துக்கு உதவாத அந்தப் பெட்ரோல் குளிர்விக்கத்தான் செலவாகிறது. ஒரே வண்டிக்கு ஒருவர் ஏழு என்றும் இன்னொருவர் பதின்மூன்று என்றும் சொல்வது இதனால்தான், இருவரும் உண்மையே பேசுகிறார்கள். டீசலில் இந்த இடைவெளி குறைவு.

கடற்கரைச் சாலையில் இன்னொரு செலவு இருக்கிறது, அதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஒவ்வொரு ஊர் வாசலிலும் வேகத்தடை. போதாக்குறைக்குச் சீமைக் கருவேலங்காட்டிலிருந்து திடீரென்று வெளிப்படும் ஆட்டு மந்தை. இரண்டு டன் வண்டியை நின்ற நிலையிலிருந்து 80-க்குக் கொண்டுபோக, எஞ்சினின் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 50 மில்லி பெட்ரோல் வேண்டும். 100-க்குக் கொண்டுபோனால் 80 மில்லி. பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் அந்தப் பெட்ரோலைத்தான் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். இருபது முறை நின்று புறப்பட்டால் ஒரு லிட்டர் போய்விடும். ஊர்ப் பலகை தூரத்தில் தெரிந்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே வண்டியை உருள விடுங்கள். இக்காலத்து எஞ்சின்கள் அந்த நேரத்தில் எரிபொருளை முழுவதுமாக நிறுத்திவிடும். நியூட்ரலில் தள்ளினால் எஞ்சின் நின்றுவிடாமலிருக்க எரிபொருள் குடிக்கும், கட்டுப்பாடும் குறையும்.

காற்றைத் தவிர்க்க மீன் லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் யோசனை சிலருக்கு வரும். பெட்ரோல் மிச்சமாகலாம், உயிர் மிச்சமாகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஐஸ் தண்ணீர் கண்ணாடியில் வழியும் என்பது தனிக் கதை.

படி 8: நிற்கும் நேரத்தையும் எழுதுங்கள்

தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்துக்குள் ஏசியோடு ஊர்ந்துபோகும் வண்டிக்கு மைலேஜ் கேட்பதே தவறு. இரண்டு லிட்டர் எஞ்சின் ஏசி போட்டு நின்றால் மணிக்கு ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை குடிக்கும், கி.மீ. பூஜ்யம். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் கடைக்குப் போய்வரும் சிறு பயணங்களும் இந்த வகைதான். எஞ்சின் சூடாகுமுன் பயணமே முடிந்துவிடும். இவற்றை நெடுஞ்சாலைக் கணக்கோடு கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 9: எரிபொருளின் பங்கு

பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலவையில் மொத்த ஆற்றல் ஆறேழு சதவீதம் குறைகிறது. இ20 எனப்படும் இந்த 20 சதவீதக் கலவைக்காக வடிவமைத்த எஞ்சின் அதில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும், பழைய வண்டிகளால் அது முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுபவர்கள் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு புதிர் வரும். புகைக்குழாயில் உள்ள வடிகட்டியில் கரி சேர்ந்ததும், அதை எரித்துச் சுத்தம் செய்ய வண்டி தானாகவே கூடுதல் டீசலைச் செலவிடும். அந்த நாளில் மைலேஜ் காரணமில்லாமல் சரிந்ததுபோல் தெரியும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் இது அடிக்கடி நடக்கும், பாதியில் நின்று மீண்டும் தொடங்கும். அவ்வப்போது பரமக்குடிவரை சீரான வேகத்தில் ஒரு நடை போய்வந்தால் வடிகட்டி சுத்தமாகும், கணக்கும் நேராகும்.

படி 10: கணக்குப் போடும் முறை

போகும்போது லிட்டருக்கு 14, வரும்போது 9 என்றால் சராசரி பதினொன்றரை என்று வாய் சொல்லிவிடும். 55 கி.மீ.க்கு 14 என்றால் 3.93 லிட்டர், 9 என்றால் 6.11 லிட்டர். மொத்தம் 110 கி.மீ.க்கு 10.04 லிட்டர். சராசரி 11-க்குச் சற்றுக் கீழே. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் நூறு கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று எழுதப் பழகுங்கள். அதைத் தாராளமாகக் கூட்டலாம், கழிக்கலாம், சராசரி எடுக்கலாம்.

இதில் இன்னொரு உண்மையும் தெரியவரும். லிட்டருக்கு 8 கொடுத்த வண்டி 10 கொடுத்தால் நூறு கி.மீ.க்கு 2.5 லிட்டர் மிச்சம். 16 கொடுத்தது 18 கொடுத்தால் 0.7 லிட்டர்தான் மிச்சம். இரண்டும் "ரெண்டு கூடியிருக்கிறது" என்றே காதில் விழும். மைலேஜ் குறைவான பெரிய வண்டிக்காரர்தான் காற்றையும் காலையும் கவனித்தால் அதிகம் மிச்சப்படுத்த முடியும்.

பெட்ரோலா டீசலா என்று யோசிப்பவர்கள் அவரவர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 10 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 10 ரூபாய். டீசல் 92 ரூபாய், 14 கி.மீ. என்றால் 6 ரூபாய் 57 காசு. டீசல் வண்டி ஒரு லட்சம் கூடுதல் விலை என்றால் ஏறத்தாழ 29,000 கி.மீ. ஓடிய பிறகே அந்தப் பணம் திரும்பும். மாதம் ஒரு முறை மதுரை போய்வருபவருக்குப் பெட்ரோலே போதும். வாரந்தோறும் தூத்துக்குடிக்கு ஓடும் வியாபாரி டீசல் பக்கம் போகலாம்.

படி 11: "இன்னும் இத்தனை கி.மீ." என்ற எண்ணை நம்பும் முன்

திரையில் மீதித் தூரம் காட்டும் எண் பெரும்பாலும் கடைசியாக ஓடிய பாதையின் செலவை வைத்து வருவது. கச்சான் காலத்தில் முதுகில் காற்றோடு ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்ததும் அந்த எண் உற்சாகமாக இருக்கும். அதை நம்பி அரிச்சல்முனைக்கு இறங்கிவிடுகிறார்கள். தனுஷ்கோடியில் பங்க் கிடையாது. திரும்பும்போது மண்டபம் தாண்டியதிலிருந்து எதிர்க்காற்றில் அந்த எண் நீங்கள் ஓடும் தூரத்தைவிட வேகமாக இறங்கும். குறிப்பேட்டில் எதிர்க்காற்றுப் பக்கத்தில் இருக்கும் எண்ணை எடுத்து, போகவேண்டிய தூரத்தை வகுத்துப் பார்த்து, ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொண்டு தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள்.